நெல்லறையில இருக்கிறவ

நெல் வைக்கிற அறையின் கதவில், நிலத்தோடு ஒட்டினாற்போல ஒரு சதுர ஓட்டை வெட்டியிருப்பார்கள். வயல் வீடுகளில் பிறந்த என் வயதுக்காரர்களுக்கு அது நினைவிருக்கும். நினைவில்லை என்பவர்கள் வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களாக இருக்க வேண்டும், அவர்களோடு எனக்குக் கோபமில்லை. கதவு பூட்டிக் கிடந்தாலும் பூனை போய்வர அந்த ஓட்டை. வீட்டுச் சாவியெல்லாம் கோத்த திறப்புக்கோர்வை அம்மாவின் இடுப்பில் இருந்தது. ஆனால் நெல்லறைக்குள் நினைத்த நேரம் போய்வரும் உரிமை எங்கள் வீட்டில் ஒரேயொரு ஆளுக்குத்தான் இருந்தது. அந்த ஆளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இப்போது நான் இருப்பது அன்புவழிபுரத்தில். போன கிழமை அடுத்த வீட்டுப் பிள்ளை தன் பூனைக்குக் கடைத் தீனியைக் கோப்பையில் கொட்டிவிட்டு, அது தின்று முடிக்கும்வரை வேலைக்குப் போகாமல் காத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தகப்பன் வேலிப் படலையடியில் நின்று, "இப்பிடிச் சாப்பாடு போட்டா அது எலி பிடிக்குமோ?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வசனத்தை அதே குரலில் நான் ஒன்பது வயதில் கேட்டிருக்கிறேன். கேட்டு அழுதுமிருக்கிறேன்.

எங்கள் வீடு ஈச்சிலம்பற்றுப் பக்கம், கடலுக்கும், கடல் உள்ளே ஏறித் தேங்கி நிற்கிற களப்புக்கும் நடுவில் இருந்தது. முன்வாசலில் நின்றால் கடல் இரைவது கேட்கும், பின்வாசலில் நின்றால் வயல் தெரியும். அதனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் மீனுக்குப் போனார்கள், பாதிப் பேர் வேளாண்மை செய்தார்கள். அப்பா வேளாண்மைக்காரர். களப்போரத்தில் இருந்த எங்கள் வயலில் உவர் ஏறும். வேறு நெல் போட்டால் முளைத்துச் சாண் உயரம் வந்து மஞ்சளாகிப் படுத்துவிடும். அந்த மண்ணில் நின்று பிடிக்கிற நெல் ஒன்று எங்களிடம் மட்டும் இருந்தது. அதற்கு என்ன பெயரென்று யாருக்கும் தெரியாது, நாங்கள் உவர்நெல் என்போம். எனக்கு ஒன்பது வயதான வருடத்துக்கு முந்திய மாரியில் வெள்ளம் வந்து எங்களுக்கு எஞ்சியது ஒரு பெட்டகம் நிறைந்த விதை மட்டும்தான். அது போனால் கேட்டு வாங்க ஊரில் இன்னொரு வீடு இல்லை, களப்பு வயலும் இல்லை.

அந்தப் பெட்டகம் முதிரை மரத்தில் செய்தது, நான்கு கல்லின்மேல் வைத்திருந்தது. விதைக்கு மேலே காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் பரப்பி மூடி போட்டிருப்பார்கள். நெல்லறைக்குள் போனால் முதலில் அந்த இலை வாசம் வரும், பிறகு தூசி மூக்கைப் பிடிக்கும், வெளியே வந்தபின் கழுத்தெல்லாம் சுணை கடிக்கும். பிற்காலத்தில் போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, வருடக்கணக்கின் பின் நாங்கள் திரும்பியபோது பெட்டகம் இருக்கவில்லை. நான்கு கல்லும் வைத்த இடத்திலேயே இருந்தன.

அந்த வருடம் உவரில்லாத மேட்டு வயல்களில் கோடைக்குப் போட்ட சிறுபோக அறுவடை முடிந்ததும் வயலில் இருந்த எலி முழுவதும் எங்கள் வீட்டைத் தேடி வந்தது போல இருந்தது. அப்பா பொறி வைத்தார். தேங்காய்ச் சொட்டைச் சுட்டுக் கொழுவி வைத்தார். சொட்டு மட்டும் காணாமல் போகும், பொறி வாயைத் திறந்தபடி இருக்கும். நஞ்சு வைக்க அம்மா விடவில்லை, கோழியும் பிள்ளையும் திரிகிற வளவு என்றார். எங்களிடம் அப்போது இரண்டு கடுவன் பூனைகள் இருந்தன. அவற்றுக்கு அப்பா போட்டிருந்த சட்டம் ஒன்றுதான்.

"வயிறு காய்ஞ்சாத்தான் பூனை வேட்டைக்குப் போகும். சோறு வைச்சா அது குசினியைத்தான் காவல் காக்கும்."

ஊரில் எல்லா வேளாண்மைக்காரரும் இதைத்தான் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதால் எவரும் யோசிக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பூனைக்கு வயிறு காய்ந்தால் போக இன்னொரு இடம் இருந்தது. ஐந்து நிமிடம் நடந்தால் கடற்கரை. அங்கே கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் மீன்வாடி. வலை ஏறியதும் சூடை மீனும் கீரி மீனும் மணலில் சிந்தும், குடல் குவியும். எங்கள் கடுவன் இரண்டும் ஒரு நாள் அங்கே போயின, பிறகு வரவேயில்லை. அப்பா கூட்டிவரப் போனார், நானும் பின்னால் போனேன். வலைக்காரர் பாடிப் பாடி வலை இழுக்க, எங்கள் பூனைகள் இரண்டும் மற்றப் பூனைகளோடு வரிசையில் இருந்து, கூட்டத்துக்கு வந்த பெரிய மனிசர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தன.

சம்மாட்டியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அண்ணை, நான் ஒண்டையும் பிடிச்சு வைக்கேல்ல. வந்ததுகள், இருந்ததுகள். வேணுமெண்டாக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

அப்பா கூப்பிட்டார். அவை திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, "நன்றி கெட்ட சாதி" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவினார்.

கிண்ணியாவிலிருந்து நெல் வாங்க உழவு மிசினில் பெட்டி கொழுவிக்கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், அண்ணன் முறை வைத்து நானா என்போம். பெரிய உடம்பு, மெல்லிய குரல். எலி வெட்டின சாக்குகளைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனவர், அடுத்த முறை வரும்போது மூடி கட்டின ஒரு பனையோலைக் கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் வெள்ளையும் கறுப்பும் காவியுமாக ஒரு பெண் பூனை எழும்பி நின்று, ஒரு காது கிழிந்த தலையைச் சுற்றித் திருப்பி எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது.

"தம்பி, இது எங்கட நெல்லுக் கடையில பொறந்த புள்ள. வீட்டுல சொல்லி அனுப்பினவ, விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, நேரம் தவறாமச் சோறு வைக்கட்டாம். வகுறு நெறஞ்சாத்தான் ஓரிடத்துல நிக்குமாம்."

"ஓம், ஓம்" என்றார் அப்பா. மிசின் சத்தம் வளைவில் மறைந்ததும் அம்மாவைப் பார்த்து, "கிண்ணியாவில பூனைக்கும் மாப்பிள்ளை விருந்து" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு பருக்கை வைக்கப்படாது, விளங்கிச்சோ?" என்றார்.

விளங்கியது. ஆனால் நான் வைத்தேன். வீரத்தில் வைத்ததாக நினைக்க வேண்டாம். அந்தக் கடுவன்கள் போனது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது, இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் வைத்தேன். விளிம்பில் நீலக் கோடு போட்ட, ஒரு பக்கம் பெயர்ந்த எனாமல் கோப்பை ஒன்று குசினியில் கிடந்தது. பாடசாலைக்குப் போகமுன் ஒருதரம், பின்னேரம் கைகால் கழுவியபின் ஒருதரம், அதில் சோற்றைப் போட்டு மீன் தலையைப் பிசைந்து, நெல்லறைக் கதவோட்டையால் தள்ளிவிடுவேன். நான் குந்துகிறபோதே உள்ளிருந்து அந்தக் கிழிந்த காது தெரியும். சத்தம் போடாது. சாப்பிட்டு முடித்துத் தன் முன்னங்காலை நக்கிவிட்டு உள்ளே திரும்பிப் போகும்.

அந்த நாட்களில் சட்டியில் மீன் தலை எப்போதும் ஒன்று மிஞ்சியிருந்தது. ஏன் மிஞ்சியது என்று நான் யோசிக்கவில்லை. மீன் கறியில் தலையை விரும்பிச் சாப்பிடுகிறவர் எங்கள் வீட்டில் அம்மாதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

நெல்லறை யன்னல் கம்பியில் முகத்தை வைத்து அதன் வேலையை நான் பார்த்திருக்கிறேன். என் வாழ்நாளில் வேலை தெரிந்த பலரைக் கண்டுவிட்டேன், அப்படி ஒரு பொறுமையைக் காணவில்லை. கூரை வளைமரமும் சுவரும் சேரும் மூலையைப் பார்த்தபடி, கால்களை உடம்புக்குக் கீழே மடித்துக்கொண்டு இருக்கும். நான் பாடசாலைக்குப் போகும்போது எப்படி இருந்ததோ, விட்டு வரும்போதும் அப்படியே இருக்கும். வால் நுனி மட்டும் இடைக்கிடை அசையும். பாய்ந்ததை நான் ஒருமுறைதான் கண்டேன், அதையும் சரியாகக் காணவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்த பூனை அங்கே இல்லை, பெட்டகத்தடியில் ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பிடித்ததைக் கொண்டுவந்து காட்டிப் பெருமைப்படுகிற பழக்கமும் அதற்கில்லை. அந்தப் பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமிருந்திராது.

புரட்டாசி பிறந்த நேரம். ஒரு பின்னேரம் கோப்பையோடு குந்தியிருந்த என் முதுகுக்குப் பின்னால் அப்பாவின் நிழல் விழுந்தது.

"இதென்ன?"

"பூனைக்கு."

"எவ்வளவு நாளா?"

"வந்த நாளில இருந்து."

அப்பா கதவைத் திறந்தார். அது பெட்டகத்தின்மேல் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருந்தது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது.

"பார், வயித்தைப் பார். சாப்பாடு போட்டா இது எலி பிடிக்குமோ? எலிதான் வந்து இதுக்குக் கால் அமத்திவிடும்."

பக்கத்தில் ஓட்டை விழுந்த சாக்கு ஒன்று இருந்தது. அதையும் காட்டினார். அந்த ஓட்டை பூனை வருவதற்கு முதலே இருந்தது. எனக்கு அது தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. குற்றவாளியாகக் குந்தியிருக்கிற ஒருத்தி இன்னொருவருக்காகச் சாட்சி சொல்ல முடியுமா? அம்மா மட்டும், "இஞ்சருங்கோ, கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கோவன்" என்றார். "நீர் சும்மா இரும்" என்றார் அப்பா.

நானா அடுத்த முறை வந்தபோது பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி மிசின் பெட்டியில் வைத்தார் அப்பா. எங்கள் பக்கத்தில் பூனையை அனுப்புவதென்றால் சாக்கில் கட்டித்தான் அனுப்புவார்கள், வழி பார்க்கக் கூடாதாம். அதோடு தண்ணீரையும் தாண்ட வேண்டும். அந்த நாளில் கிண்ணியாவுக்குப் போகப் பாலங்கள் இல்லை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். வழியில் அப்படி இரண்டு மூன்று பாதை. ஒரு பாதை தாண்டினாலே பூனைக்கு வீடு மறந்துவிடும் என்பது ஊர்க் கதை.

"என்னத்துக்குத் தம்பி இந்த அவசரம்?" என்று நானா கேட்டுப் பார்த்தார்.

"அங்க சோறு இருக்கு நானா. அது அங்கயே இருக்கட்டும்."

சாக்கு ஒருமுறை அசைந்தது. பிறகு அசையவில்லை. நான்தான் சோறு வைத்துக் கெடுத்தேன் என்று நினைத்து அன்று முழுவதும் கிணற்றடியில் இருந்து அழுதேன்.

மூன்று கிழமை கழித்து எலிகள் பட்டப்பகலில் கூரை வளைமரத்தில் ஓடின. அப்பா தடி எடுத்துக்கொண்டு போவார், அவை நின்று பார்த்துவிட்டுப் போகும். ஐப்பசி விதைப்புக்கு ஆயத்தம் செய்ய ஒரு விடியற்காலை அப்பாவும் எங்கள் வயற்காரரும் பெட்டகத்தைத் திறந்தார்கள். வேப்பிலைக்குக் கீழே கை வைத்த அப்பா, முழங்கைவரை விட்டார். பெட்டகத்தின் பின்மூலையில், முந்திய வருட வெள்ளத்தில் ஊறியிருந்த இடத்தில், புதுசாகக் குடைந்த துவாரம். விதையில் பாதி இல்லை. மிஞ்சியதற்குள் உமியும் புழுக்கையும் கலந்து கிடந்தன.

அப்பா அப்படியே தரையில் இருந்துவிட்டார். அவரை நான் முதல்முறையாக மேலிருந்து பார்த்தேன். தலை உச்சியில் மயிர் குறைந்திருந்தது.

மிஞ்சியதை வெயிலில் பரப்ப வேண்டுமென்று வயற்காரர் பெட்டகத்தைக் கல்லிலிருந்து நகர்த்தினார். நகர்த்தியவர் குனிந்து பார்த்தபடியே நின்றார்.

"அண்ணை, இஞ்ச ஒருக்கா வாங்கோ."

கல்லுகளுக்கு நடுவில், சுவரோரமாக, எலி வால்கள். காய்ந்து, சுருண்டு, சணல் துண்டுகளைக் கூட்டி ஒதுக்கியது போல ஒரு குவியல். வயற்காரர் ஈர்க்கால் தள்ளித் தள்ளி எண்ணத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார்.

"ஒண்டும் புதுசில்ல அண்ணை. எல்லாம் காய்ஞ்சு போய்க் கிடக்கு. இது அந்தப் பூனை நிண்ட நாளில செய்த வேலை."

அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கதவோட்டையைப் பார்த்தார். பிறகு வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார். வந்து, "அந்த வெள்ளைச் சேட்டை எடும்" என்று அம்மாவிடம் சொன்னார். கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போடுகிற சட்டை அது. என்னைப் பார்த்து, "நீயும் வெளிக்கிடு. உன்னைக் கண்டாத்தான் அது வரும்" என்றார்.

கிண்ணியாவில் நானாவின் வீடு நெல்லுக் கடைக்குப் பின்னால் இருந்தது. அக்கா முறை வைத்து அப்பா ராத்தா என்கிற நானாவின் மனைவியை அன்றுதான் கண்டேன். முக்காட்டை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் எனக்குத் தொதல் இனிப்பில் ஒரு துண்டு தந்தார். அப்பா கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல் சொன்னார்.

"ராத்தா, விதைநெல்லு பாதி போச்சு. சோறு திண்டுதான் அது வயிறு வைச்சு எலி பிடிக்காமக் கிடக்கெண்டு நினைச்சிட்டன். பிடிச்ச எலியின்ட வாலெல்லாம் பெட்டகத்துக்குக் கீழ கிடந்தது."

ராத்தா எங்களைக் கூட்டிக்கொண்டு போய், கடைசி அறையில் இருந்த அலுமாரிக்குக் கீழே காட்டினார். பழைய சீலைத் துணிக்கு மேல் அது படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, அப்போதுதான் கண் திறந்த மூன்று குட்டிகள்.

"தம்பி, நீங்க கண்டது சோத்து வகுறில்ல. புள்ளத்தாச்சி வகுறு."

அப்பா முழங்காலில் இருந்து அலுமாரிக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஒரு புள்ளத்தாச்சியைச் சாக்குல கட்டி அனுப்பிட்டீங்களே தம்பி" என்றார் ராத்தா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பிழை என்னிலதான் ராத்தா. எனக்குத் தெரியாமப் போச்சு."

ஊரில் அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. வாய்க்கால் சண்டையில் மூன்று வருடம் ஒரு ஆளோடு கதைக்காமல் இருந்தவர். அவர் ஒரு பெண்ணுக்கு முன்னால், நான் பக்கத்தில் நின்று கேட்க, பிழை என்னில் என்று சொன்னார். என் அப்பா எவ்வளவு பெரிய ஆள் என்பது எனக்கு அன்று விளங்கியது. பிற்காலத்தில் பிழை விட்ட எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனவரை இன்னும் இன்னொருவரைக் காணவில்லை.

"தாயையும் புள்ளையளையும் பிரிக்கிற பாவம் நமக்கு வேணாம்" என்றார் ராத்தா. "எல்லாத்தையும் கொண்டு போங்க. வளந்தாப் பொறகு ஒண்டை மட்டும் எங்கட கடைக்குத் தாங்க. ஆனா தம்பி, வேளைக்கு வேளை."

"வேளைக்கு வேளை, ராத்தா" என்றார் அப்பா, பாடசாலைப் பிள்ளை மாதிரி.

திரும்பி வரும்போது சாக்கில்லை. மூடியில்லாத கடகத்தை அப்பா மடியில் வைத்திருந்தார், வெள்ளைச் சேட்டெல்லாம் பூனை மயிர். பாதை ஆற்றின் நடுவுக்குப் போனதும் காற்று வந்தது, கரையோரக் கண்டல்காட்டு மணமும் எஞ்சின் எண்ணெய் மணமும் சேர்ந்து வந்தது. பூனை தலையை நீட்டித் தண்ணீரைப் பார்த்தது. பாதைக்காரர், "என்ன அண்ணை, ஊரெல்லாம் பூனையைக் கட்டி அனுப்புது, நீங்கள் குடும்பத்தோட கூட்டிக்கொண்டு போறியள்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. கரை கிட்ட வரும்போது என் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"பிள்ளை, நீ எத்தினை மணிக்குச் சோறு வைக்கிறனி?"

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான். அன்றைக்கே எனக்கு அது விளங்கியது. பள்ளி மணிக்கு முன்னம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா என்று பெரிய மனிசி மாதிரிச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் கடகத்தை இறக்கியதும் அது ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேரே கதவோட்டையால் உள்ளே போனது. மூன்று முறை வந்து போனது. தண்ணீர் தாண்டிய பூனைக்கு வீடு மறக்கும் என்று சொன்னவர்கள் அன்று எங்கள் வளவில் நின்றிருக்க வேண்டும். மிஞ்சிய விதையில் ஒரு பிடிகூட அதன்பின் குறையவில்லை. ஆனால் பாதி விதைக்குப் பாதி வயல்தான். அந்த மாரி முழுவதும் களப்புப் பக்கத்துப் பாதி வெறுமையாகக் கிடந்தது, போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஏனென்று கேட்டார்கள். "என்ட பிழை" என்று அப்பா ஒவ்வொருவருக்கும் சொன்னார். அடுத்த மாரிக்குத்தான் முழு வயலும் பச்சையானது.

பூனை வந்த அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா சோறு போட, அப்பா கையை வைக்காமல் இருந்தார்.

"அவ சாப்பிட்டவவோ?"

"ஆர்?" என்றார் அம்மா.

"நெல்லறையில இருக்கிறவ."

அதுவரை பூனை எங்கள் வீட்டில் 'அது'. அன்றிலிருந்து அப்பாவின் வாயில் 'அவ'. பெரியம்மாவையும் பாடசாலை ரீச்சரையும் மரியாதையாகச் சொல்லுகிற அதே 'அவ'. என்னை அவர் எப்போதும் 'அவள்' என்றுதான் சொல்வார், நான் பொறாமைப்பட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நீலக்கோட்டுக் கோப்பை வெளிச்சத்துக்கு வந்தது, அம்மாவின் தட்டுக்கு மீன் தலையும் திரும்பி வந்தது. அப்பா மீனில் நடுத்துண்டையே பிய்த்துக் கோப்பையில் போடத் தொடங்கியிருந்தார்.

கல்யாணம் முடித்துப் பட்டணத்துக்குப் போன நான், தலைப்பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது வீட்டுக்கு வந்தேன். நெல்லறையில் அப்போது இருந்தது அந்தப் பூனையின் பேத்தியோ பூட்டியோ, அதற்கும் அதே மூன்று நிறம். பயணக் களைப்பில் நான் அறைக்குள் சரிந்து படுத்திருந்தேன். மத்தியானம் குசினியில் அப்பா வந்து இருக்கும் சத்தமும் தட்டு வைக்கும் சத்தமும் கேட்டன. பிறகு வழக்கமான கேள்வி.

"அவ சாப்பிட்டவவோ?"

"விடிய வைச்சனான். கோப்பையை வழிச்சு வைச்சிருக்கிறா" என்றார் அம்மா.

அப்பா தட்டைத் தள்ளி வைப்பது கேட்டது.

"நான் கேட்டது அறையில படுத்திருக்கிறவவை" என்றார்.